முட்டைக்கோஸ் துவரனும் உயிரணுவின் காவலும்

(கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்தில் ஒரு நூலகக் கூட்டத்தில் பேசியது)

தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கம். புற்றுநோய்க்கு எதிராக நம் உயிரணு வைத்திருக்கும் காவலைப் பற்றியும், அதில் நம் சாப்பாட்டின் பங்கைப் பற்றியும் பேசப்போகிறேன்.

புகையிலைப் புகையில் பென்சோபைரீன் என்றொரு பொருள் உண்டு. உடல் அதை வெளியேற்றுவதற்காக மாற்றுகிறது. அந்த மாற்றத்தின் நடுவில்தான் உயிரணுவின் மரபுப் பொருளான டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு, புற்றுநோய்க்கு வழிவிடும் வடிவம் பிறக்கிறது. ஒட்டுவதற்குள் அதைப் பிடித்துக் குளுட்டாதயோன் என்ற உடலின் காப்புப் பொருளோடு சேர்த்துக் கழிவாக அனுப்பும் நொதிகளும் நம் உயிரணுவிலேயே இருக்கின்றன. யார் முந்துகிறார் என்பதுதான் கேள்வி.

1992இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலே குழுவினர் ப்ரோக்கோலியிலிருந்து சல்ஃபோராஃபேன் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்து, அது இந்தக் காவல் நொதிகளைப் பெருக்குகிறது என்று காட்டினார்கள். நம் முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு, முருங்கையிலும் இதே குடும்பத்துச் சேர்மங்கள் உண்டு. காயில் இந்தச் சேர்மங்களின் மூலப்பொருள் ஓரிடத்திலும், அதை மாற்றும் மைரோசினேஸ் நொதி வேறிடத்திலும் இருக்கும். நறுக்கும்போதுதான் இரண்டும் கலக்கும். வெந்தால் நொதி கெட்டுவிடும். அதனால் துவரனுக்கு, அதாவது தேங்காய்ப் பொரியலுக்கு, அரிந்ததும் அடுப்பில் ஏற்றாமல் கொஞ்ச நேரம் வையுங்கள். தயிரில் செய்யும் வெள்ளரிக்காய் கிச்சடிக்குக் கடுகைப் பச்சையாக நசுக்கிப் போடுகிறோமே, அதில் நொதி அப்படியே இருக்கிறது. தாளித்த கடுகில் இருக்காது. நம் பாட்டிமாரின் கைப்பக்குவத்தை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அப்புறம் கொப்பரை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. சரியாகக் காயாத கொப்பரையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் உண்டாகலாம். கல்லீரல் புற்றுநோயை வரவழைக்கும் நஞ்சு அது. சமையல் சூட்டில் முழுக்க அழியாது. இந்த நஞ்சு உணவில் அதிகம் கலந்திருந்த சீனாவின் சிடோங் பகுதியில் 180 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2001இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குப் பச்சையத்திலிருந்து செய்யும் குளோரோஃபில்லினைத் தினம் மூன்று வேளை, நான்கு மாதம் கொடுத்தார்கள். டிஎன்ஏ சேதத்தைக் காட்டும் சிறுநீர் அடையாளம் அவர்களிடம் 55 சதவீதம் குறைவாக இருந்தது. புற்றுநோய் குறைந்ததா என்று அதில் அளக்கவில்லை. ஆகவே கீரை சாப்பிடுகிறோமே என்று பூத்த கொப்பரையைச் செக்குக்கு அனுப்பாதீர்கள்.

சரி, மாத்திரையாக விழுங்கலாமா? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. கேரட் போன்ற காய்களில் இருக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. காய்கறியில் நல்லது செய்கிற பொருள் குப்பியிலும் அதையே செய்யும் என்று நம்பிவிடாதீர்கள்.

முறுக்கான், அதாவது வெற்றிலை பாக்கு, போடுகிற பெரியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியான தன் அறிக்கையில் சொல்லிவிட்டது. எந்தத் துவரனும் அதை ஈடுகட்டாது. வாயில் புண்ணோ வெள்ளைப் படலமோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.