பாக்டீரியாவுக்கு மணி தெரியக் கூடாது

எல்லோருக்கும் வணக்கம்.

ஆராய்ச்சி உதவியாளர் என்றதும், பெரிய விஞ்ஞானி ஒருவரின் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நடப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். என் வேலையில் பெரும்பகுதி, ஒரு பாக்டீரியாவுக்கு மணி என்ன என்று வெளியிலிருந்து தெரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

ஒரு காலத்தில், பாக்டீரியாவுக்கு 24 மணி நேரக் கடிகாரம் இருக்கவே முடியாது என்று பலர் நம்பினார்கள். சில மணி நேரத்தில் இரண்டாகப் பிளந்துவிடும் உயிருக்கு நாள் கணக்கு எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் செடிகளைப் போல ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியா அந்த நம்பிக்கையைக் கவிழ்த்துவிட்டது. தகாவோ கோண்டோ, கார்ல் ஜான்சன், சூசன் கோல்டன் ஆகியோரின் குழுக்கள் சினெகோகாக்கஸ் என்ற இனத்துக்குள் ஒளி உமிழும் மரபணுவைச் செருகின. அந்த ஒளி நாள்தோறும் ஏறி இறங்குவதை 1993இல் காட்டினார்கள். செல் பிளந்தாலும் கடிகாரம் நிற்பதில்லை. மகள் செல்கள் அதே நேரத்தைத் தொடர்கின்றன.

சரி, இதை எப்படி அளப்பது? முதலில் 12 மணி நேரம் இருட்டில் வைத்து எல்லாச் செல்களையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவருவோம். அப்புறம் 30 டிகிரியில், மாறாத வெளிச்சத்தில் விட்டுவிடுவோம். அதன் பிறகும் ஏற்ற இறக்கம் தெரிந்தால், அது செல்லின் சொந்தக் கணக்கு. ஆகவே இன்குபேட்டர் கதவை யாராவது சும்மா திறந்தால் எனக்குக் கோபம் வரும். ஒளியை எண்ணும்போது மட்டும் விளக்கைச் சில நிமிடம் அணைப்போம், ஏனென்றால் பச்சையமும் கொஞ்சம் மினுங்கும். அந்த ஒளி வேதிவினைக்கு டெக்கனால் என்ற பொருளின் ஆவி தேவை. ஆரஞ்சுத் தோலின் மணம் இருக்கிறதே, அதில் இருப்பதுதான். சட்டையில் ஏறினால் சீக்கிரம் போகாது.

கடிகாரத்தை ஓட்டும் புரதத்தைப் பார்க்க வேண்டுமானால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சாம்பிள் எடுக்க வேண்டும், நள்ளிரவிலும். அதைத் தவிர்க்க ஒரு தந்திரம் உண்டு: இரண்டு இன்குபேட்டர்கள், ஒன்றின் பகல் மற்றொன்றின் இரவு. பகல் வேலை நேரத்திலேயே முழு நாளின் சாம்பிளும் கிடைத்துவிடும். கடிகாரத்தை ஆராய்பவரின் தூக்கத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இந்தக் கடிகாரத்தின் உறுப்புகள் மூன்று புரதங்கள்: கைஏ (KaiA), கைபி (KaiB), கைசி (KaiC). இவற்றின் மரபணுக்கள் 1998இல் வெளிவந்தன. கைசி மேல் பாஸ்பேட் ஏறுவதற்குக் கைஏ உதவும், ஏறி முடிந்ததும் கைபி வந்து கைஏவைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பாஸ்பேட் இறங்கும். புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினால் பாஸ்பேட் ஏறிய கைசி கொஞ்சம் மெதுவாக நகர்ந்து மேலே நிற்கும். பட்டைகளை வரிசையாகப் பார்த்தாலே நாள் தெரியும்.

2005இல் கோண்டோ குழு இந்த மூன்றையும், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியோடு சோதனைக் குழாயில் கலந்தது. செல் இல்லை, மரபணு இல்லை, வெளிச்ச மாற்றமும் இல்லை. ஆனாலும் பாஸ்பேட் 24 மணி நேரச் சுற்றில் ஏறி இறங்கியது, நாள் கணக்கில்! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். ஒரு கைசி மூலக்கூறு ஒரு நாளைக்குச் சுமார் 15 ஏடிபியைத்தான் உடைக்கிறது. நொதிகளில் இவ்வளவு சோம்பேறி அரிது. அந்தச் சோம்பலில்தான் நாளின் நீளமே இருக்கிறது.

இதனால் பாக்டீரியாவுக்கு என்ன லாபம்? கடிகார வேகம் வேறுபட்ட இரண்டு வகைகளை ஒரே குடுவையில் வளர்த்துப் பார்த்தார்கள். 11 மணி நேரம் வெளிச்சம், 11 மணி நேரம் இருட்டு என்றால் வேகமான கடிகாரம் கொண்டது வென்றது. 15க்கு 15 என்றால் மெதுவான கடிகாரம் கொண்டது. விளக்கை அணைக்காமலே விட்டால் இந்த வெற்றி தோல்வி காணாமல் போனது.

2021இல், ஒளிச்சேர்க்கையே செய்யாத பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவிலும் நாள் சுழற்சி இருப்பதாக ஒரு குழு காட்டியது. அதில் இந்தக் கை புரதங்கள் கிடையாது. அப்படியானால் அது எதை வைத்து நேரம் பார்க்கிறது? உங்களில் யாராவது இந்தத் துறைக்கு வருவதாக இருந்தால், அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.