கார் உள்பக்க பிளாஸ்டிக்குக்கு பெயின்ட்: காசை எதில் போடணும், எதில் மிச்சம் பிடிக்கணும்

[காட்சி: கதவுக் கைப்பிடியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டம். பெயின்ட் மேல் விரல் நகம் மெல்ல நகர்கிறது. ஒரு துண்டு கழன்று வருகிறது.]

பாருங்க, நகம் பட்டதுக்கே ஏடு ஏடா உரிஞ்சு வருது. உரிஞ்ச துண்டைத் திருப்பிப் பார்த்தா பின்பக்கம் வழவழன்னு இருக்கு. அதாவது, பெயின்ட் பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே இல்ல, சும்மா மேல உட்கார்ந்திருந்திருக்கு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கின பெயின்ட்டா இருந்தாலும் இப்படித்தான் ஆகும். குறைஞ்ச செலவுல இந்த வேலையைச் செய்யணும்னா பெயின்ட்டுல சிக்கனம் பார்க்கலாம், அதுக்கு முன்னாடி இருக்கிற வேலையில பார்க்கவே கூடாது.

முதல் மிச்சம், அடிக்கிற பரப்பைக் குறைக்கிறது. வெளுத்துப்போச்சுன்னு நாம நினைக்கிற பிளாஸ்டிக் பல நேரம் வெறும் அழுக்கும் பழைய பாலிஷும்தான். பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி, ஒரு பழைய டூத் பிரஷ், இது ரெண்டும் போதும். நல்லாத் தேய்ச்சுத் துடைச்சுக் காய விடுங்க. நிறம் சீரா வந்துட்டா அந்தப் பாகத்தை அப்படியே விட்டுடுங்க. கியரைச் சுத்தி இருக்கிற சட்டம், ஏசி வென்ட், ஜன்னல் சுவிட்ச் பலகைன்னு கீறல் விழுந்த சின்னப் பாகங்களை மட்டும் எடுத்துக்கிட்டா, பெரும்பாலும் ஒரு ஸ்ப்ரே டப்பாவே போதும்.

[காட்சி: ஸ்டியரிங் நடுவில் உள்ள ஏர்பேக் குறி, நெருக்கத்தில்.]

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். 'ஏர்பேக்', 'எஸ்ஆர்எஸ்'னு எழுதியிருக்கிற எந்த மூடியிலயும் பெயின்ட் அடிக்காதீங்க. ஸ்டியரிங் நடுப்பகுதி, பக்கத்து சீட்டுக்கு எதிர்ல இருக்கிற டாஷ்போர்டு, சில கார்கள்ல கண்ணாடியோரத் தூண் மூடி, எல்லாமே இதுல அடங்கும். ஏர்பேக் வெடிச்சு விரியும்போது அந்த மூடி குறிப்பிட்ட கோட்டுல கிழியணும்னு கணக்குப் பண்ணி செஞ்சிருக்காங்க. அது மேல பட்டிப் பூச்சும் பெயின்ட்டும் ஏறினா கிழியுற விதம் மாறலாம், சில்லு முகத்துக்குப் பறக்கலாம். அதே மாதிரி டாஷ்போர்டோட மேல்பக்கத்துக்கு வெளிர் நிறமோ பளபளப்போ வேண்டாம். வெயில்ல அது முன்கண்ணாடியில பிரதிபலிச்சு ரோட்டை மறைக்கும்.

அடிக்கப்போற பாகத்தைக் கழட்டி வெளியில எடுங்க. காருக்குள்ள வச்சு ஸ்ப்ரே பண்றது வேலைக்கும் ஆகாது, உடம்புக்கும் ஆகாது. ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினா பிளாஸ்டிக்ல பள்ளம் விழும், அதனால பிளாஸ்டிக் நெம்புகோலே பயன்படுத்துங்க. குளிர்ல கிளிப் சட்டுனு உடையும், ஹேர் டிரையரால லேசா சூடு காட்டிட்டு இழுங்க.

[காட்சி: கழட்டிய பாகத்தின் பின்புறம். அச்சில் வார்த்த சின்ன எழுத்துகள்.]

கழட்டினதும் பின்பக்கம் திருப்பிப் பாருங்க. அது எந்த வகை பிளாஸ்டிக்னு ரெண்டு கோணக் குறிக்கு நடுவுல சின்னதா எழுதியிருக்கும். 'ஏபிஎஸ்'னு இருந்தா வேலை சுலபம், லேசா சொரசொரப்பு ஆக்கினாலே பெயின்ட் பிடிக்கும். ஆனா அது மேல தின்னரோ அசிட்டோனோ போட்டுத் துடைச்சுடாதீங்க, பிளாஸ்டிக்கே கரைஞ்சுடும். 'பிபி'ன்னு இருந்தா பாலிப்ரோப்பிலீன். சில பாகத்துல 'பிபி ஈபிடிஎம் டி20'ன்னு நீளமா இருக்கும். ரப்பர் கலந்த பாலிப்ரோப்பிலீன், 20 சதவீதம் டால்க் மாவுன்னு அர்த்தம். இந்த பிபி வகை எதுவுமே பெயின்ட்டை ஏத்துக்காது. மத்த பொருளைப் பிடிச்சுக்கிற பரப்பு ஆற்றல் ரொம்பக் குறைவு, பசையே அதுல ஒட்டாது. இதுக்குன்னே இருக்கிறது அட்ஹீஷன் ப்ரோமோட்டர், அதாவது பெயின்ட் பிடிக்கிறதுக்காக அதுக்கு முன்னாடி அடிக்கிற பூச்சு. காசு போட வேண்டிய இடம் இதுதான். பெயின்ட்டை மலிவா வாங்கினாலும் பரவாயில்ல, பிபி பாகத்துக்கு இது இல்லாம ஆரம்பிக்காதீங்க.

தண்ணியில போட்டு மிதந்தா பிபி, மூழ்கினா ஏபிஎஸ்னு சொல்வாங்க. டால்க் கலந்த பிபியும் மூழ்கிடும், அதனால எழுத்தை நம்புங்க.

அடுத்தது சுத்தம். டாஷ்போர்டு பாலிஷ்ல இருக்கிற சிலிகோன் துளி மிச்சம் இருந்தாலும் பெயின்ட் அங்கங்க விலகி வட்ட வட்டமா குழி விழும். சோப்பு போட்டு ரெண்டு தடவை கழுவி, நல்லாக் காய வச்சு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல துடைங்க. ஒரு துணியால தடவி, அது உலர்றதுக்குள்ள வேற சுத்தமான துணியால எடுத்துடணும். ஒரே துணியால தேய்ச்சா எண்ணெயை இங்கிருந்து அங்க நகர்த்துறோம், அவ்வளவுதான்.

தொட்டா கையில பிசுபிசுன்னு ஒட்டுற பாகம் இருந்தா, அது மென்மைக்காகப் பூசின மேல்பூச்சு சிதையுறது. அதுக்கு மேல எதுவும் நிக்காது. இதே ஆல்கஹாலை நனைச்சுப் பொறுமையாத் தேய்ச்சு முழுசா எடுத்துடுங்க. அடியில வர்ற பிளாஸ்டிக்கே பல நேரம் பார்க்க நல்லா இருக்கும், பெயின்ட் செலவும் மிச்சம்.

சொரசொரப்பு ஆக்கும்போது ஒண்ணு கவனிங்க. வழவழப்பான பாகத்துக்கு 600 நம்பர் வாட்டர் பேப்பர் சரி. ஆனா தோல் மாதிரி மேடு பள்ளம் இருக்கிற பாகத்துல பேப்பர் போட்டா மேடு மட்டும் தேஞ்சு தட்டையாகிடும். அந்தத் திட்டு பெயின்ட் அடிச்ச பிறகும் வெளிச்சத்துல தனியாத் தெரியும். அங்கெல்லாம் சாம்பல் நிற ஸ்கஃப் பேடும் (சொரசொரப்பு ஆக்குற நார்ப் பட்டை) சோப்புத் தண்ணியும்தான். பள்ளத்துக்குள்ள போக டூத் பிரஷ்.

[காட்சி: திறந்த வெளி. முகத்தில் கேட்ரிட்ஜ் மாஸ்க், கையில் உறை.]

துணி மாஸ்க் பெயின்ட் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கேட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேணும், பக்கத்துல நெருப்பு இருக்கக் கூடாது.

ப்ரோமோட்டரை மெலிசா அடிச்சு, டப்பாவுல போட்டிருக்கிற நேரத்துக்குள்ள பெயின்ட்டுக்குப் போயிடுங்க. பெயின்ட் டப்பாவை வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் வச்சா தூறல் சீரா வரும். கொதிக்கிற தண்ணி ஆபத்து, டப்பா வெடிக்கும். டப்பாவுக்குள்ள இருக்கிற சின்ன உருண்டை உருளுற சத்தம் கேட்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் முழுசா 2 நிமிஷம் குலுக்குங்க. 20லிருந்து 25 சென்டிமீட்டர் தூரம். பாகத்துக்கு வெளியில ஆரம்பிச்சு வெளியில முடிக்கணும். அழுத்தத்தை நடுவுல விட்டா அங்க துளி விழும். முதல் கை, அதாவது முதல் பூச்சு, வெறும் தூவல்தான், அடியில இருக்கிற நிறம் தெரியணும். இந்த இடத்துலதான் பலரும் அவசரப்பட்டு ஒரேயடியா மூடப் பார்க்குறாங்க. 10 நிமிஷ இடைவெளியில மூணு, நாலு மெலிசான கை அடிச்சா மேடு பள்ளம் அடைபடாம அப்படியே நிக்கும். ஈரப்பதம் அதிகமான நாள்ல அடிச்சா வெள்ளையாப் பூத்துடும், வேற நாள் பாருங்க.

மறு கை எப்போங்கிறதை டப்பாவைப் பார்த்தே முடிவு பண்ணுங்க. சில பெயின்ட்ல 1 மணி நேரத்துக்குள்ள அடிக்கணும், இல்லன்னா ஒரு நாளோ ரெண்டு நாளோ பொறுக்கணும். நடுவுல அடிச்சா சுருங்கிடும்.

கை அடிக்கடி படுற பாகத்துக்கு மேட் கிளியர், அதாவது பளபளப்பில்லாத நிறமற்ற மேல்பூச்சு, ரெண்டு மெலிசான கை கொடுங்க. ஹார்டனர் கலக்கிற டூ-கே கிளியர் உறுதிதான், ஆனா அதுல மூச்சுக்கு ஆபத்தான ஐசோசயனேட் இருக்கு. வீட்டு வேலைக்கு வேண்டாம்.

[காட்சி: பாகத்தின் ஓரத்தில் பிளேடால் கீறிய சின்னக் கட்டம். மேலே டேப் ஒட்டி வெடுக்கென இழுக்கிறார்கள்.]

இந்தச் சோதனையை முன்கூட்டியே, மாட்டினா மறையுற ஓரத்துல ஒரு துண்டு இடத்துக்கு மட்டும் அடிச்சுக் காய வச்சுச் செஞ்சு பாருங்க. டேப்போட பெயின்ட் வந்துட்டா சுத்தத்துலயோ ப்ரோமோட்டர்லயோ குறை இருக்கு, மொத்தப் பாகத்தையும் அடிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.

தொட்டா ஒட்டலைன்னு உடனே மாட்டிடாதீங்க. உள்ள இறுக இன்னும் நாளாகும். ஒரு வாரம் காத்தோட்டமா வெளியில வச்சிருந்தா வாடையும் போகும், நகக் கீறலும் விழாது. மாட்டின பிறகு ஈரத்துணி மட்டும் போதும். கொசு விரட்டி தடவின கையோட தொடாதீங்க, சிலதுல இருக்கிற டீட்ங்கிற ரசாயனம் பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் இளக்கிடும்.