மிதவையை எங்கே நிறுத்துவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

கடலுக்குப் போகிறவர்களும், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களும் மீனவர்களுக்கான எச்சரிக்கையை வானொலியில் கேட்காத நாள் இருக்காது. அலை எத்தனை மீட்டர் எழும்பும், காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்று அதில் சொல்லப்படும் எண்களுக்குப் பின்னால் கடலிலும் கரையிலும் வானிலும் கருவிகள் வேலை செய்கின்றன. அந்தக் கருவிகளைப் பற்றிப் பேச அறிவியலாளர்கள் பலர் இருக்கிறார்கள். நான் நெடுங்காலமாகக் கவலையோடு கவனித்து வருவது வேறொன்று. கடலில் மிதந்தபடி அளவெடுக்கும் இந்த மிதவையை இங்கே நிறுத்துவோம், அங்கே வேண்டாம், இவ்வாண்டு பணம் குறைவாக இருப்பதால் இன்னொன்றை எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்யும் குழுவில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் அது.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு பேசுவதற்கு அமெரிக்காவைத் தேர்ந்தெடுக்கிறேன். அந்த நாடு தன் கடற்கரை முழுவதையும், அதனுடன் பேரேரிகளையும் சேர்த்து, 11 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கடல் கண்காணிப்புச் சங்கத்தை வைத்திருக்கிறது. அலாஸ்காவுக்கு ஒன்று, மெக்சிகோ வளைகுடாவுக்கு ஒன்று, பசிபிக் தீவுகளுக்கு ஒன்று, போர்ட்டோ ரிக்கோவை உள்ளடக்கிய கரீபியக் கடலுக்கு ஒன்று என்று அந்த வரிசை போகிறது. நோவா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய அரசின் கடல், வளிமண்டல நிறுவனம் இவற்றுக்கு நிதி தருகிறது. ஆனாலும் இவை அரசு அலுவலகங்கள் அல்ல. நம் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பால் ஊற்றுகிறவர் உறுப்பினர், உறுப்பினருக்கு வாக்கு உண்டு, யார் எத்தனை ஆண்டு பதவியில் இருக்கலாம் என்பது துணைவிதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. கடலை அளக்கும் சங்கத்திலும் அப்படித்தான். ஆனால் இங்கே பால் ஊற்றுகிறவர் யார் என்பதைக் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம்.

ஏன் கடினம் என்பதை ஒரு சம்பவத்தால் விளக்குகிறேன். இதைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் நான் சற்று நீட்டித்தான் சொல்வேன்; பொறுத்தருள வேண்டுகிறேன்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒரிகன் மாநிலத்தில், நெட்டார்ட்ஸ் என்றொரு சிறிய வளைகுடா இருக்கிறது. அதன் கரையில் சிப்பிக் குஞ்சு பொரிப்பகம் ஒன்று உண்டு. கடல்நீரை இறைத்துத் தொட்டிகளில் நிரப்பி, சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்கவைத்து, அந்தக் கரையெங்கும் உள்ள வளர்ப்பாளர்களுக்கு விற்பது அவர்கள் தொழில். 2007ஆம் ஆண்டையொட்டி அந்தத் தொட்டிகளில் குஞ்சுகள் கோடிக்கணக்கில் மடியத் தொடங்கின. முதலில் நோய்க்கிருமி என்று எண்ணினார்கள். நீரைச் சுத்திகரிக்கும் கருவிகளை வாங்கிப் பொருத்தினார்கள். அதன் பிறகும் குஞ்சுகள் மடிந்தன. கோடையில் வடக்கிலிருந்து காற்று பலமாக வீசினால், மேற்பரப்பு நீர் கரையை விட்டு விலகி, ஆழத்திலிருக்கும் குளிர்ந்த நீர் அந்த இடத்துக்கு மேலெழும்பி வரும். அப்படி மேலே வரும் நீர் காற்றைத் தொட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். அதில் கரிவளி, அதாவது கார்பன் டை ஆக்சைடு, மிகுந்திருக்கும். அமிலத்தன்மையும் அதனால் கூடியிருக்கும். முட்டையிலிருந்து வெளிவந்த சிப்பிக் குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிற்றுயிர், ஏறத்தாழ இரண்டே நாளில், முட்டையில் மிச்சமிருக்கும் சக்தியை மட்டும் கொண்டு தன் முதல் ஓட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். அமிலம் ஏறிய நீரில் அந்தச் சக்தி போதாமல் அது மடிந்துபோகிறது.

ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் பொரிப்பகத்தாரும் சேர்ந்து தொட்டிக்கு வரும் நீரைத் தொடர்ந்து அளந்து இதைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த பின் செய்தவை எளிமையானவை. வளைகுடாவின் கடற்புற்கள் வெயிலில் கரிவளியை உறிஞ்சுவதால் காலை நீரைவிடப் பிற்பகல் நீர் நன்றாக இருக்கிறது. ஆகவே பிற்பகலில் இறைத்தார்கள். அதுவும் போதாதபோது, நாம் துணிக்குப் போடும் சலவைச் சோடா இருக்கிறதே, அதே வேதிப்பொருளை அளவாகக் கலந்தார்கள். குஞ்சுகள் பிழைத்தன.

வடமேற்குக் கரையின் கண்காணிப்புச் சங்கமான நானூஸ், பொரிப்பகங்களின் நீரளவுகளையும் கடலில் நிற்கும் மிதவைகளின் அளவுகளையும் ஒரே இடத்தில், யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. அதன் ஆட்சிக்குழுவில் பல்கலைக்கழகங்களுடனும் மாநிலத் துறைகளுடனும் பூர்வகுடி அரசுகளும் சிப்பி வளர்ப்போரின் அமைப்பும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. திரும்பவும் சொல்கிறேன், சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன; கருத்துக் கேட்பதற்காக ஒரு நாள் அழைக்கப்பட்டுத் தேநீர் கொடுத்து அனுப்பப்படுவோர் அல்லர். ஆய்வாளர்கள் மட்டுமே கூடி முடிவெடுத்திருந்தால், மிதவை அவர்கள் ஆய்வுக்குப் பொருத்தமான இடத்தில் நின்றிருக்கும். அது பிழை என்று நான் சொல்லவில்லை; ஆனால் தொட்டியில் நீர் இறைக்கிறவருக்கு அந்த இடம் பயன்படுமா என்று கேட்பதற்கு அங்கே ஆள் இருந்திருக்காது.

இந்தச் சங்கங்கள் இரண்டு வடிவங்களில் அமைந்திருக்கின்றன. வடகிழக்குக் கரை, தென்கிழக்குக் கரை, மெக்சிகோ வளைகுடா ஆகியவற்றின் சங்கங்கள் இலாப நோக்கற்ற அமைப்பாகத் தனியே பதிவு செய்துகொண்டு, சொந்த இயக்குநர் குழுவும் சொந்தக் கணக்கும் வைத்திருப்பவை. நானூஸோ உறுப்பினர்கள் கையெழுத்திட்ட உடன்பாட்டின் மேல் நிற்கிறது; கணக்கையும் அலுவலகத்தையும் வாஷிங்டன் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்கிறது. முதல் வடிவத்தில் தணிக்கை, சம்பளம், வழக்கு அனைத்தும் சங்கத்தின் தலையில் விழும். இரண்டாவதில் செலவு குறைவு. ஆனால் கணக்கைப் பார்க்கும் பல்கலைக்கழகமே அந்த நிதியில் ஆய்வும் செய்யும்போது, பங்கு பிரிக்கும் நேரத்தில் யார் வாக்களிக்காமல் விலகி நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தாக வேண்டும். எழுதி வைக்காத இடத்தில் நட்பு கெடும், பிறகு மிதவையும் கவனிப்பாரற்றுப் போகும். கடலில் நிற்கும் மிதவையில் சில மாதங்களிலேயே பாசியும், கொட்டலசு என்னும் ஓடுள்ள சிற்றுயிர்களும் அப்பிக்கொள்ளும். அவற்றைச் சுரண்டி எடுக்க ஒரு படகும் ஆளும் பணமும் ஒவ்வோர் ஆண்டும் வேண்டும். புதிய மிதவை வாங்கப் பணம் தருவோர் கிடைப்பார்கள். சுரண்டுவதற்குப் பணம் தருவோரைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்சிக்குழுவின் உண்மையான வேலை என்பது என் உறுதியான கருத்து.

2009ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் அமெரிக்காவில் இதற்கென ஒரு சட்டம் நிறைவேறியது. அதன்படி ஒரு சங்கம் மத்திய அரசின் சான்று பெற வேண்டுமானால், ஆட்சிக்குழு எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது, அதில் எந்தெந்தத் தரப்பினர் இருக்கிறார்கள், அளவுகளின் தரம் எப்படிச் சரிபார்க்கப்படுகிறது என்பவற்றை எழுத்தில் காட்ட வேண்டும். அதற்கு ஈடாகக் கிடைப்பது சட்டப் பாதுகாப்பு. சங்கம் வெளியிட்ட அலை அளவை நம்பிக் கப்பலைச் செலுத்தி விபத்து நேர்ந்ததாக வழக்கு வந்தால், அளவைச் சேகரித்து வெளியிட்ட சங்க ஊழியர், அந்தப் பணியைப் பொறுத்தவரை, மத்திய அரசு ஊழியராகக் கருதப்படுவார். இந்தப் பாதுகாப்பு இல்லாமல் ஒரு சிறிய சங்கம் துறைமுக வாயிலின் அலை உயரத்தைத் துணிந்து வெளியிடுவது எளிதல்ல.

நம் இந்தியப் பெருங்கடலைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; எனக்குரிய நேரம் முடியும் நிலையில் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2002 நவம்பரில் மொரீஷியஸில் கையெழுத்தான புரிந்துணர்வு உடன்பாட்டின்படி இந்தியப் பெருங்கடலுக்கும் ஒரு வட்டாரக் கூட்டணி உண்டு. அதன் செயலகம் ஐதராபாத்தில், இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையத்தில் இயங்குகிறது. அதன் உறுப்பினர்கள் நாடுகளின் ஆய்வு நிறுவனங்களும் அரசுத் துறைகளும்தான். இதே பெருங்கடலில் நிற்கும் மிதவைகளின் நிழலில் மீன் கூடுகிறது என்பதால் படகுகள் அவற்றில் கயிறு கட்டுகின்றன, கருவிகள் சேதமடைகின்றன, அளவுகள் நின்றுபோகின்றன. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இது குறித்து மீனவர்களிடம் எடுத்துச் சொல்லி வருகிறது. ஆனால் அந்தக் கயிறு கட்டுகிறவருக்கு மிதவையின் இடத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் ஒரு நாற்காலி போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் வேண்டுகோள். அதை எந்த விதியின் கீழ், எந்த மட்டத்தில் போடலாம் என்பதை விளக்க இன்று நேரமில்லை.

வணக்கம்.