கரிநெருப்பின் வாசனை

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனில், எங்கள் சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வாசலில் கூடாரம் போடுவார்கள். பாஸ்டர் வந்து மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தைத் திறப்பார். 'துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் ஆறுதலடைவார்கள்.' சின்ன வயதிலிருந்து இந்த வசனத்தைச் சாவு வீட்டிலேயே கேட்டுப் பழகியதால், இறந்தவரைப் பறிகொடுத்து அழுகிறவர்களுக்குச் சொன்னது என்றே நினைத்திருந்தேன். அதுவும் சரிதான். ஆனால் யாருமே சாகாத ஒரு வீட்டில், விளக்கை அணைத்துவிட்டுத் தலையணையில் முகம் புதைத்து நான் அழுத ஓர் இரவு உண்டு. அன்றுதான் அந்த வசனத்தில் எனக்கும் இடம் இருப்பது தெரிந்தது.

எங்கள் அப்பாவுக்கு டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் ஒரு தோட்டம் இருந்தது. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பம், காசு சேர்த்து வாங்கிய இடம். கீரை, மிளகாய், பீன்ஸ் போட்டு, விடியுமுன் டர்பன் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950-ல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி அந்த இடத்தை வெள்ளையருக்கு ஒதுக்கினார்கள். அறுபதுகளில் எங்களைச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா கடைசி வரைக்கும் அங்கே நின்ற மாமரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே கண்ணை மூடினார்.

1994-ல் நிறவெறி ஆட்சி மாறியது. பறித்த நிலத்துக்கு ஈடு கேட்கலாம், 1998 டிசம்பர் 31-க்குள் மனுப் போட வேண்டும் என்றார்கள். மூத்தவன் என்பதால் நான் போட்டேன். சில வருஷம் கழித்துப் பணம் வந்தது. எனக்கு ஒரே தங்கை. டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் இருக்கிறாள், கணவர் போனபின் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள். வந்ததில் பாதி அவளுடையது. நான் அவளிடம் தொகையைக் குறைத்துச் சொன்னேன். குறைத்துச் சொன்னதில் பாதியைக் கொடுத்தேன். 'இதுக்காக எவ்வளவு அலைஞ்சிருப்பீங்க அண்ணா' என்று சொல்லி, அதிலும் கொஞ்சம் எடுத்து என் கையில் வைத்தாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அப்பாவுக்கு நடந்த அநியாயத்துக்கு ஈடாக வந்த பணம். அதிலேயே நான் ஓர் அநியாயம் செய்தேன்.

இன்னும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பணத்தில் தசமபாகம் எடுத்துச் சபைக்குக் கொடுத்தேன். புது பெஞ்சு வாங்கினார்கள். ஆறு வருஷம், ஞாயிறு தவறாமல் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். 'நான் அடக்கிவைத்தமட்டும்' என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று என்று 32-ம் சங்கீதத்தில் தாவீது பாடுகிறார். அது அப்படியே நடக்கும். தூக்கம் போனது. தங்கை போன் செய்தால் எடுக்க மனம் வராது. அப்புறம் அவள்மேலேயே எரிச்சல் வர ஆரம்பித்தது. ஏமாற்றினவன், ஏமாந்தவரை வெறுக்கத் தொடங்குகிறான். பாவத்தின் வேலைகளில் இதை மிகவும் கொடியது என்று நினைக்கிறேன்.

அந்த நாட்களில், இயேசுவைக் காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாஸ்மேல் எனக்குக் கண் விழுந்தது. அவனும் துக்கப்பட்டவன்தான். மனஸ்தாபப்பட்டு, முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோய், 'பாவஞ்செய்தேன்' என்று வாய்விட்டுச் சொன்னான். ஆறு வருஷத்தில் நான் செய்யாததை அவன் ஒரே நாளில் செய்தான். ஆனால் யாரிடம் போனான்? அவனுக்குக் காசு கொடுத்தவர்களிடம். அவர்கள் சொன்ன பதில்: 'எங்களுக்கென்ன, அது உன்பாடு.' அதைக் கேட்டபின் அவனால் உயிரோடு இருக்க முடியவில்லை.

அது உன்பாடு. மனம் நொந்து போய் நிற்கிறவனுக்கு அவன் நெஞ்சும் ராத்திரியெல்லாம் இதையேதான் சொல்லும். பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது 'தேவனுக்கேற்ற துக்கம்' என்றும், மரணத்தை உண்டாக்குகிற 'லௌகிக துக்கம்' என்றும் இரண்டைப் பிரித்து எழுதுகிறார். எவ்வளவு அழுதோம் என்பதை வைத்து அவர் பிரிக்கவில்லை. அந்த அழுகை நம்மை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதில் இருக்கிறது எல்லாம்.

பேதுருவும் மனங்கசந்து அழுதவர். அவர் கதையில் யோவான் மட்டும் ஒரு சின்ன விவரத்தை எழுதிவைத்திருக்கிறார். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் குளிர்காயப் போட்டிருந்தது கரிநெருப்பு. அந்த ராத்திரிதான் பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில் மீன் சுட்டு வைத்திருந்ததும் கரிநெருப்பில். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் இந்த இரண்டு இடத்தில் மட்டுமே வருகிறது.

நம் டர்பனில் இதை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. சனிக்கிழமை பக்கத்து வீட்டில் பிராய் போட்டு, கரியில் இறைச்சி சுட்டால் நம் சட்டை, திரைச்சீலை எல்லாவற்றிலும் அந்தக் கரி வாசனை ஏறிவிடும். படகிலிருந்து குதித்து நனைந்து வந்த பேதுருவின் மூக்கில் முதலில் ஏறியது அந்த வாசனையாகத்தான் இருக்கும். அந்த ராத்திரி முழுவதும் நினைவுக்கு வந்திருக்கும். இயேசு அப்போது கேட்டது கேள்வி இல்லை, சாப்பிடக் கூப்பிட்டார். 'வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்.' சாப்பிட்டு முடிந்தபின்தான் 'என்னை நேசிக்கிறாயா' என்று மூன்று முறை கேட்கிறார். மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. ஆறிவரும் புண்ணைக் கிளறுவது போல இருக்கிறதே என்று பல வருஷம் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. மூடிவைத்த புண் ஆறாது. மறுத்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு முறை, நேசிக்கிறேன் என்று வாய்திறந்து சொல்ல இயேசு அவருக்கு இடம் கொடுத்தார்.

நம் நாடும் இதை நேரில் பார்த்தது. 1996 ஏப்ரலில் நம் ஈஸ்ட் லண்டன் நகரில், நிறவெறி ஆட்சியின் கொடுமைகளை விசாரிக்க அமைத்த உண்மை, நல்லிணக்க ஆணையம் விசாரணையைத் தொடங்கியபோது, சாட்சி சொன்னவரின் வேதனையைத் தாங்க முடியாமல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். குற்றம் செய்தவர்களிடம், அந்த ஆணையத்தை அமைத்த சட்டம் முழு உண்மையைக் கேட்டது. மனவருத்தத்தைக் கேட்கவில்லை. வருத்தம் தெரிவிக்காமலே பொதுமன்னிப்பு வாங்கலாம். சட்டத்தால் அவ்வளவுதான் கேட்க முடியும். கண்ணீரை உத்தரவு போட்டு வாங்க முடியாது.

பத்து வருஷம் கழித்து, 2006-ல், பழைய ஆட்சியில் சட்டம் ஒழுங்கு அமைச்சராக இருந்த அட்ரியான் ஃப்ளோக், அந்த ஆட்சியை எதிர்த்த போதகர் பிராங்க் சிக்கானேயின் அலுவலகத்துக்கு ஒரு கிண்ணத்தோடும் துண்டோடும் போய் அவர் கால்களைக் கழுவினார். 1989-ல் சிக்கானேயின் துணிகளில் விஷம் தடவிக் கொல்லப் பார்த்தார்கள். கால் கழுவியதை நாடகம் என்று பலர் சொன்னார்கள். அடுத்த வருஷம் ஃப்ளோக் நீதிமன்றத்தில் அந்தக் கொலை முயற்சிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் உள்ளத்தை நான் அளக்கப்போவதில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரிதான், யாரும் சாகாத என் வீட்டில் நான் அழுதேன்.

அழுது முடித்து வேதத்தைத் திறந்தேன். யோவானின் முதல் நிருபம். பாவங்களை நாம் அறிக்கையிட்டால் அவற்றை மன்னித்து, 'எல்லா அநியாயத்தையும் நீக்கி' நம்மைச் சுத்திகரிக்க அவர் 'உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்.' இரக்கமுள்ளவர் என்று எழுதியிருப்பார் என்று நினைத்த இடத்தில் நீதியுள்ளவர் என்று இருந்தது. அப்பாவுக்கு நடந்த அநியாயம், நான் செய்த அநியாயம் இரண்டும் அந்த வார்த்தைக்குள் வந்துவிட்டன. என் கணக்கைக் கடவுள் பார்க்காமல் தள்ளிவிடவில்லை, சிலுவையில் அவரே அதைத் தன்மேல் போட்டுக்கொண்டார். 'அது உன்பாடு' என்று சொல்லாத ஒருவரிடம் வந்து சேர்ந்திருந்தேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு அன்று தூங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை பீனிக்ஸ் போனேன். பணத்தை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை பணத்தைத் தொடவில்லை. 'அப்பா பேர்ல வந்த பணம் அண்ணா' என்று மட்டும் சொன்னாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் பேசவில்லை. கடவுள் மன்னித்துவிட்டார், நீ ஏன் மன்னிக்கவில்லை என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்டிருந்தால் அது இன்னொரு திருட்டு. காத்திருந்தேன். ஒரு கிறிஸ்மஸுக்கு அவளே மகனை அனுப்பி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

இன்று வானொலியில் இதைப் பேசலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். 'பேசுங்க அண்ணா, தொகையை மட்டும் சொல்லாதீங்க' என்றாள். இப்போது பீனிக்ஸில் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.