நடுத்தண்டு வைத்த கார்வெட்: 1963 கூபேயை வாங்குமுன் எங்கே பார்ப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

1963-ஆம் ஆண்டு செவ்ரலே கார்வெட் ஸ்டிங் ரே என்னும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் கூபே வடிவத்தில், அதாவது கூரை மூடிய வடிவத்தில், பின்பக்க ஜன்னல் கண்ணாடியை நடுவில் ஒரு தண்டு இரண்டாகப் பிரிக்கும். அது இருந்தே ஆகவேண்டும் என்றார் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல். பின்னால் வரும் வண்டி தெரியவில்லை என்று மல்லுக்கு நின்றார் பொறியாளர் ஸோரா ஆர்கஸ்-டண்டோவ். அடுத்த ஆண்டே தண்டு போய்விட்டது. அந்த ஓராண்டில் வந்த கூபே 10,594 மட்டும். அந்தக் காலத்தில் தண்டை அறுத்துவிட்டு 1964-இன் ஒற்றைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. இன்று அந்தத் தண்டுக்குத்தான் சேகரிப்பாளர்கள் பணம் கொட்டுகிறார்கள். அதனால் 1964 வண்டிக்குத் தண்டு ஒட்டி விற்பதும் நடக்கிறது.

இதைப் பிடிப்பது எளிது. கையுறைப் பெட்டிக்கு அடியில், குறுக்குச் சட்டத்தில் வண்டி எண் தகடு இருக்கும். 1963 கூபே என்றால் 30837 என்று தொடங்கி, செயின்ட் லூயிஸ் தொழிற்சாலைக்கான எஸ் எழுத்து வந்து, பிறகு ஆறு இலக்கம். அந்த ஆறு இலக்கம் 100001 முதல் 121513 வரைதான். முழு எண்ணும் 4-இல் தொடங்கினால் அது 1964 வண்டி. தண்டை அறுத்துவிட்டு மறுபடி ஒட்டிய 1963 வண்டிக்கு, உட்புற அலங்காரத்தைக் கழற்றி மேற்கூரையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். இந்த வண்டியின் உடம்பு இரும்புத் தகடல்ல, ஃபைபர் கிளாஸ். தொழிற்சாலையில் அச்சில் அழுத்திய ஃபைபர் இருபுறமும் வழவழப்பாக இருக்கும். கையால் பூசியது சொரசொரக்கும்.

அடுத்தது எஞ்சின். விலையில் பாதிச் சண்டை இங்கேதான். எஞ்சினின் அடிப்பகுதியான வார்ப்பிரும்புக் கட்டிதான் பிளாக், அதன்மேல் மூடியாக உட்காருவது ஹெட். வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல் ஒரு சிறு சமதளம் உண்டு. அதில் இரண்டு முத்திரை. ஒன்று, ஆண்டின் கடைசி இலக்கமான 3-உம் வண்டி எண்ணின் ஆறு இலக்கமும். மற்றொன்று, எஃப்0312ஆர்டி என்பது போல இருக்கும்: ஃபிளின்ட் ஆலை, மார்ச் 12, பிறகு எஞ்சின் வகை. கையால் கியர் மாற்றும் வண்டிகளில் ஆர்சி 250 குதிரைத்திறன், ஆர்டி 300, ஆர்இ 340, ஆர்எஃப் 360. கடைசியது எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வைத்தது. போலி முத்திரை குத்த ஆசை வருவதும் அதில்தான்.

ஆகவே எழுத்தை மட்டும் படிக்காதீர்கள், அது நிற்கும் உலோகத்தையும் படியுங்கள். தொழிற்சாலை அந்தத் தளத்தைச் செதுக்கியபோது முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகள் விழுந்திருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். கோடே இல்லாமல் பளபளத்தாலோ, வட்டவட்டமாகச் சுழித்திருந்தாலோ, அந்த மேற்பரப்பைப் பிறகு யாரோ கடைந்திருக்கிறார்கள். எஞ்சினை நேர்மையாகப் பிரித்துச் செய்தாலும் இப்படி ஆகலாம், உடனே திருடன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'நம்பர் மேட்சிங்', அதாவது வண்டியோடு பிறந்த அதே எஞ்சின் என்பதற்கான கூடுதல் விலையை, நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. பிளாக்கின் பின்புறம் 3782870 என்ற வார்ப்பு எண்ணும், வார்த்த தேதியும் இருக்கும். 'சி 12 3' என்றால் 1963 மார்ச் 12. வார்ப்பு முதலில், எஞ்சின் கோர்த்தது பிறகு, வண்டி கடைசியில்: இந்த வரிசை தலைகீழானால் பேச்சை நிறுத்திவிடலாம்.

ஃபைபர் உடம்பு துருப்பிடிக்காது என்று நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. உள்ளே இருப்பது எஃகுக் கூண்டு. முன்கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் தண்ணீர் தூண்களின் அடியில் தேங்கி அதைத் தின்றுவிடும். கால் வைக்கும் இடத்தில் இருபக்க மூடிகளையும் கழற்றி, தூணின் அடியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால், ஒட்டிய ஃபைபரைப் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும். செலவுக்குக் கணக்கே இருக்காது. கதவு தொங்கினாலும் இடைவெளி மேலும் கீழும் மாறினாலும் இதே சந்தேகம். பின்சக்கரத்துக்கு முன்னால் சேஸிஸ் மேலே வளையும் இடத்தையும் விடாதீர்கள். பட்டி வைத்திருக்கிறதா என்று பார்க்கக் காந்தம் எடுத்துப் போகவேண்டாம். சாதாரண பெயின்ட் அளவுமானியும் ஃபைபர் மேல் வேலை செய்யாது; மீயொலிக் கருவி வேண்டும்.

பழைய லாக்கர் பெயின்ட் சற்று மங்கி, அங்கங்கே வெடித்திருந்தால் நான் குறையாக எண்ணமாட்டேன். மினுமினுக்கும் புது பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கவலை.

பின்பக்கத்தைச் சேஸிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். இந்த வண்டியின் பின்சக்கர பேரிங்குக்குக் கிரீஸ் மாற்றுவதற்கே, சக்கரம் மாட்டியிருக்கும் ஸ்பிண்டில் என்ற அச்சை அழுத்தி வெளியே எடுக்க வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பயந்து பலர் தொடுவதில்லை, கிரீஸ் காய்ந்து பேரிங் சாகும். ஆட்டம் 0.001 முதல் 0.008 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஆக்சில் ஷாஃப்டே இங்கே சஸ்பென்ஷனின் மேல்கையாகவும் வேலை செய்வதால், ஷாஃப்டை டிஃபரன்ஷியலோடு இணைக்கும் யோக் என்ற துண்டின் உள்முனை தேய்ந்தால் சக்கரம் மேலே உட்புறம் சாயும், டயர் உள்ஓரத்தில் தேயும்.

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். மாஸ்டர் சிலிண்டரோ ஒற்றைச் சுற்று. ஓரிடத்தில் கசிந்தால் மொத்தமும் போச்சு. பல ஆண்டு நின்ற வண்டியென்றால் ரப்பர் ஹோஸ், சக்கர சிலிண்டர்கள், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றிய பிறகே சாலைக்கு எடுங்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து எரிபொருள் குழாய்களை இளக்கிவிடும், அவற்றையும் அதே நாளில் மாற்றிவிடலாம்.

வணக்கம்.