பை-வீக்லி என்றால் எத்தனை தடவை?

நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவில் ஜங்ஷனில் வண்டி விசாரிப்பவர்களுக்கு ‘பை-வீக்லி’ பழகிய சொல்தான். ரயில்வேக்காரர்கள் அப்படிச் சொன்னால் வாரத்தில் இரண்டு நாள் ஓடும் வண்டி என்று அர்த்தம். 2011-ல் கன்னியாகுமரிக்கும் திப்ரூகருக்கும் இடையே விட்ட விவேக் எக்ஸ்பிரஸ் முதலில் வாரம் ஒரு நாள் ஓடியது. அப்புறம் பை-வீக்லி ஆயிற்று; நாள்கள் பிறகும் கூடின.

சரி, ஸ்டேஷனை விட்டு வீட்டுக்கு வாருங்கள். கரண்ட் பில் ‘பை-மந்த்லி’. மாதம் இரண்டு தடவையா ரீடிங் எடுக்க ஆள் வருகிறார்? இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டும் அந்த இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத்தான்.

யார் சொல்வது தப்பு? யாருமே இல்லை. ‘பை’ என்ற லத்தீன் ஒட்டு ‘இரண்டு’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு தடவையா, இரண்டு வாரமா என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும். அகராதியைப் புரட்டினால் இரண்டு அர்த்தமும் இருக்கும், போனவர் கூடுதல் குழப்பத்தோடு திரும்புவார்!

விளையாட்டாக விட முடியாது. குழுக்கடன் தவணை 500 ரூபாய், பை-வீக்லி என்று தாளில் இருக்கிறது என்று வையுங்கள். நாலு வாரத்தில் ஒருவர் கணக்குக்கு எட்டுத் தவணை, 4,000 ரூபாய். இன்னொருவர் கணக்குக்கு இரண்டே தவணை, 1,000 ரூபாய். கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள். மருந்துச் சீட்டில் கண்டால் கூச்சமே வேண்டாம்: “டாக்டர், வாரம் ரெண்டு ஊசியா, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணா?”

ஆண்டுக்கணக்கில் இந்தத் தொல்லை குறைவு. ‘பையென்னியல்’ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. மாநிலங்களவையில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் ஓய்வுபெற நடக்கும் தேர்தல் அந்த வகை. ‘பையானுவல்’ பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை.

நீங்கள் எழுதும்போது ‘பை’யைத் தொடவே வேண்டாம் என்பேன். வாரம் இருமுறை என்றால் ‘ட்வைஸ் எ வீக்’, இரு வாரத்துக்கு ஒருமுறை என்றால் ‘ஃபோர்ட்நைட்லி’. பதினாலு இரவு என்பதன் சுருக்கம்தான் ஃபோர்ட்நைட். அமெரிக்கர்களுக்கு அது அவ்வளவாகப் பழக்கமில்லை. அங்கே வேலை பார்க்கும் பிள்ளை “சம்பளம் பை-வீக்லி” என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு 26 சம்பளம். வாரம் ரெண்டு தடவை வாங்குகிறவன் ஏன் பணம் அனுப்பவில்லை என்று வீட்டில் சண்டைக்குப் போகாதீர்கள்.

நன்றி, வணக்கம்.