மூடியைத் திறந்து பார்க்க முடிகிற பாத்திரம்

நடுவர் அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, இவ்வளவு நேரம் எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் அவையோரே, வணக்கம்.

"பயறும் கறியும் சேர்ந்த குழம்புக்கு ருசி சேர்ப்பது நிதானமான சிறு தீயா, விரைவான பிரஷர் குக்கரா?" இதுதான் தலைப்பு. நான் சிறு தீயின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மூன்று கேள்விகளை வைத்துவிட்டு அமர்ந்தார். 40 நிமிடத்தில் முடிகிற வேலைக்கு 4 மணி நேரம் எதற்கு என்றார். எரிபொருள் என்ன ஆவது என்றார். கடைசியாக, ராஜ்மாவைக் குறைந்த சூட்டில் வேகவைத்தால் வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும் என்றார். கடைசியில் சொன்னதற்கு முதலில் வருகிறேன். ஏனென்றால் அது உண்மை.

ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. பச்சையாக நாலைந்து விதை தின்றாலே போதும், சில மணி நேரத்தில் வாந்தி தொடங்கிவிடும். சூடு 80 டிகிரி பக்கம் வந்து நின்றுவிட்டால் அந்த நச்சு சாவதில்லை. பச்சை விதையில் இருப்பதை விட அது பல மடங்கு வீரியமாகக்கூடும். மின்சார ஸ்லோ குக்கரில் ஊறிய ராஜ்மாவை அப்படியே கொட்டிக் குறைந்த சூட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இதனால்தான் ஆபத்து. ஆனால் இதற்கு வழி சுலபம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவையுங்கள், அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டுங்கள், புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க விடுங்கள். குறைந்தது 10 நிமிடம் கொதிக்க வேண்டும். நான் 30 நிமிடம் விடுவேன். அதற்குப் பிறகுதான் சிறு தீ. எங்கள் அணி நிதானத்துக்காகப் பேசுகிறதே தவிர, கொதிக்கவே வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை.

சரி, இப்போது பாத்திரத்துக்கு வருவோம்.

இந்தக் குழம்பில் இருப்பது இரண்டு பொருள். இரண்டுக்கும் வேக்காடு வேறு. கறியை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்து, தோள், கெண்டைக்கால் எல்லாம் அந்த விலங்கு நாள் முழுக்க உழைத்த தசை. அதற்குள் கொலாஜன் என்ற நார்ப்புரதம் நிறைய. சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது தசை சுருங்கித் தன் தண்ணீரைப் பிழிந்து வெளியே விட்டுவிடுகிறது. கொலாஜனோ 70 டிகிரிக்கு மேலேதான் மெல்ல மெல்ல இளகி ஜெலட்டினாக மாறுகிறது. அதனால் ஒரு மணி நேரம் கழித்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தால் ரப்பர் மாதிரி இருக்கும். போட்டபோது இருந்ததை விட மோசமாக இருக்கும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பயந்துபோய்த் தீயைக் கூட்டுகிறார்கள். கூட்டாதீர்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம், சில சமயம் இரண்டு மணி நேரம், அதே தீயில் விடுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒரு குமிழ் எழும், உடையும், ஓரிரு நொடி கழித்து அடுத்தது எழும். அவ்வளவு தீ போதும். அப்புறம் கரண்டியால் அழுத்தினால் துண்டு தானாகவே நார் நாராகப் பிரியும். கரைந்த ஜெலட்டின் குழம்பில் இறங்கி, சாப்பிடும்போது உதட்டில் லேசாக ஒட்டும். மாவு கரைத்து ஊற்றி வரவழைக்கிற கெட்டி வேறு, இது வேறு.

பயறு அப்படி இல்லை. "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது சோற்றுக்குச் சரி. பயறு விஷயத்தில் அதை நம்பவே கூடாது. ஒரே பையில் இருந்து எடுத்த விதைகளில்கூட ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். நான் ஐந்து விதையாவது எடுத்துக் கடித்துப் பார்ப்பேன். ஐந்தும் மசிந்தால்தான் வெந்தது என்று கணக்கு. அதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை உண்டு. கரண்டியில் இரண்டு விதையை எடுத்து வாயால் ஊதுங்கள். தோல் சட்டென்று விரிந்து சுருண்டுகொண்டால் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அடுப்பு முன்னால் நின்று ஊதிப் பார்க்கிற அந்த நிமிடம் எனக்கு மிகவும் பிடிக்கும். கண்ணாடியில் ஆவி படியும், மூக்கில் வாசனை ஏறும், கரண்டியின் மேல் அந்த மெல்லிய தோல் காகிதம் மாதிரி மடங்கும்.

ஒரு முறை நான் தப்புச் செய்தேன். வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிற நாள். அவசரத்தில் தக்காளியை முதலிலேயே பயறோடு சேர்த்துவிட்டேன். மூன்று மணி நேரம் ஆயிற்று, நான்கு மணி நேரம் ஆயிற்று. கறி உதிர்ந்து கரைந்தே போய்விட்டது, பயறு மட்டும் நறுக் நறுக் என்றது. காரணம் பிறகுதான் புரிந்தது. பயறின் செல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின். புளிப்புப் பட்டால் அது கரைய மறுக்கும். கடினத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் அதையே செய்யும். ஆகையால் பயறு மசிந்த பிறகுதான் தக்காளி, வினிகர் எல்லாம். சாப்பாட்டு உப்பு நேர் எதிர். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள், அதை விட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு கலந்து இரவு முழுக்க ஊறவைத்துப் பாருங்கள். சோடியம் உள்ளே போய், தோலில் இருக்கிற கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தோல் இளகுகிறது, வேகும்போது வெடிப்பதும் குறைகிறது.

நடுவர் அவர்களே, இவ்வளவையும் நான் சொல்வது ஒரே ஒரு காரணத்துக்காக. இதில் ஒவ்வொரு கட்டத்திலும் மூடியைத் திறக்க வேண்டியிருக்கிறது. ஊதிப் பார்க்க, கடித்துப் பார்க்க, சரியான நேரத்தில் புளிப்பைச் சேர்க்க, தண்ணீர் வற்றினால் அரைக் குவளை ஊற்ற. குக்கருக்குள் ஏறத்தாழ 120 டிகிரி. அங்கே பயறும் கறியும் வேகத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே எது முந்தியது, எது பிந்தியது என்று நமக்குத் தெரியாது. விசிலை எண்ணலாம், அவ்வளவுதான். திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடலாமே என்று எதிரணி கேட்கும். ஒவ்வொரு முறையும் ஆவி அடங்கக் காத்திருந்து, திறந்து, பார்த்து, மறுபடி அழுத்தம் ஏற்றி, இப்படி நான்கு முறை செய்தால் அப்போது நீங்களும் எங்கள் அணிக்கே வந்துவிட்டீர்கள்.

எதிரணித் தலைவர் வரலாறும் சொன்னார். 1679-ல் பிரெஞ்சு விஞ்ஞானி டெனி பாப்பின் உருவாக்கிய, இன்றைய குக்கருக்கு முன்னோடியான பாத்திரம் எலும்பையே மெத்தென்று ஆக்கியதாம். ஆக்கியது, உண்மைதான். எங்கள் பக்கத்து வரலாற்றையும் சொல்கிறேன். இன்று உலகமெங்கும் விற்கிற மின்சார ஸ்லோ குக்கருக்கு அமெரிக்காவில் 1940-ல் காப்புரிமை பெற்றவர் இர்விங் நாக்ஸன். அவருடைய அம்மா லித்துவேனியாவில் வளர்ந்தபோது, வெள்ளி மாலையில் பயறும் கறியும் போட்ட பானையை ரொட்டிக் கடை அடுப்பில் வைத்துவிட்டு வருவார்களாம். அடுப்பு அணைந்துகொண்டே போகும் சூட்டில் இரவெல்லாம் வெந்து, மறுநாள் பானை வீட்டுக்கு வரும். அம்மா சொன்ன அந்தக் கதைதான் மகன் செய்த கருவிக்கு விதை. ஆரம்பத்தில் அதற்கு அவர் வைத்த பெயர் "நாக்ஸன் பீனரி". ஆங்கிலத்தில் 'பீன்' என்றால் பயறு. பெயரிலேயே பயறு இருக்கிறது! 1971-ல் வேறொரு நிறுவனம் அதை 'கிராக்-பாட்' என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. நாம் இன்று வாதாடுகிற இதே குழம்புக்காகப் பிறந்த கருவி அது.

எரிபொருள் கணக்கில் குக்கர் ஜெயிக்கும். ஒத்துக்கொள்கிறேன். அடிகனமான பாத்திரமும் இறுக்கமான மூடியும் இருந்தால் வித்தியாசம் குறையும், அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்.

நேரத்துக்கு வருகிறேன். நான்கு மணி நேரம் என்றதும், நான்கு மணி நேரமும் ஆள் அங்கேயே நிற்பதாக எதிரணி கணக்குப் போடுகிறது. வெங்காயம் நறுக்க, கறியைத் துடைத்துக் காயவைத்துச் சிவக்க வதக்க, அடியில் ஒட்டியதைத் தண்ணீர் விட்டுச் சுரண்ட எல்லாம் சேர்த்து எனக்கு அரை மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு வேலை அடுப்புடையது. நான் வீட்டிலேயே துணி மடிக்கிறேன், பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறேன், நடுநடுவே வந்து திறந்து பார்க்கிறேன். இதை முதல் நாளே செய்து வைப்பது இன்னும் நல்லது. இரவெல்லாம் சாறு பயறுக்குள் இறங்கி, காலையில் குழம்பு கட்டியாக உறைந்திருக்கும். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுப்பது கஷ்டமில்லை. ஒன்று மட்டும் கவனம். பெரிய பாத்திரத்தோடு வெளியே விட்டுவிடாதீர்கள். அகலமான தட்டங்களில் பிரித்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

என் அப்பாவுக்குப் பல் இல்லை. என் மகனுக்குக் கறி கொஞ்சம் கடிபட வேண்டும். இருவருக்கும் ஒரே பாத்திரத்தில்தான் சமைக்கிறேன். இரண்டரை மணி நேரத்தில் மூடியைத் திறந்து மகனுக்கு நான்கு துண்டு எடுத்துத் தனியாக வைத்துவிடுவேன். மறுபடி மூடி, அப்பாவுக்காக இன்னும் ஒரு மணி நேரம். அவர் கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு அழுத்து அழுத்துவேன். கறியும் பயறும் ஒன்றாக மசியும். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

நன்றி, வணக்கம்.